ஓடாத நாட்களில் கெடும் பேட்டரி

கோடை விடுமுறை முடிந்து பையன்கள் ஊருக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டால், என் மேஜைமேல் ஆர்சி கார்களின் (ரிமோட்டில் ஓடும் கார்கள்) உப்பிப்போன லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி பேக்குகள் சேர ஆரம்பித்துவிடும். ஏப்ரலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேக், ஜூலையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் பூரி மாதிரி எழும்பி நிற்கிறது. கொண்டுவருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே பதில்தான். "அண்ணா, வண்டியத் தொடவே இல்லண்ணா. நல்லா ஃபுல் சார்ஜ் போட்டு, பத்திரமா பரண்ல வச்சிட்டுத்தான் ஊருக்குப் போனேன்."

பேக் கெட்டதற்கான இரண்டு காரணங்களும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கின்றன. ஃபுல் சார்ஜ் ஒன்று, பரண் இன்னொன்று.

ஆர்சி கார் பேட்டரியைப் பற்றி யார் பேசினாலும் சார்ஜ் போடுவதையும் ஓட்டுவதையும் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு பேக் வண்டியில் ஓடுவது ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம். வாராவாரம் தவறாமல் ஓட்டுகிறவரிடம்கூட மீதி நேரமெல்லாம் அது சும்மாதான் கிடக்கிறது. எந்த வோல்டேஜில் கிடக்கிறது, எவ்வளவு சூட்டில் கிடக்கிறது என்பதில்தான் அதன் ஆயுளில் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் கூடவே வரும்.

எனக்கு வேலை வேலூரில், இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ். அதனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பேட்டரி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இன்வெர்ட்டர் பேட்டரிதான். அது ஈயமும் அமிலமும். அதை எப்போதும் நிறைத்தே வைத்திருக்க வேண்டும். சார்ஜ் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும், அப்புறம் அது கரையாது. அதனால்தான் 12 வோல்ட் பேட்டரியை 13.5, 13.8 வோல்ட் என்று எந்நேரமும் ஃப்ளோட்டில் (நிறைந்த நிலையிலேயே காக்கும் மெல்லிய சார்ஜ்) வைத்திருக்கிறோம். "ஊருக்குப் போறோம், நல்லா சார்ஜ் ஏத்தி வை" என்று அப்பா சொன்னது அந்த பேட்டரிக்கு முழுக்கச் சரி. இன்னொரு பக்கம், கார்ட்லெஸ் போனிலும் பழைய பொம்மைக் காரிலும் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பார்த்து வளர்ந்தவர்கள், "முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பார்கள். அதற்கும் அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. இந்த இரண்டு பழக்கங்களும் அப்படியே லைப்போவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டுமே லைப்போவைக் கெடுக்கும்.

லைப்போ செல் ஒன்றின் பெயரளவு வோல்டேஜ் 3.7. முழுதாக நிறைந்தால் 4.2. இரண்டு செல் போட்ட 2எஸ் பேக் என்றால் 7.4, நிறைந்தால் 8.4. அந்த 4.2-ல் செல்லின் பாசிட்டிவ் பக்கம் உச்ச அழுத்தத்தில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலைட்டை (செல்லுக்குள் இருக்கும் ரசாயனக் கரைசல்) அது சும்மா விடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சிதையும்போது வாயு உண்டாகும். இன்வெர்ட்டர் பேட்டரியில் வாயு போக மூடியில் வழி இருக்கிறது. லைப்போ செல்லோ நான்கு பக்கமும் ஒட்டி மூடிய அலுமினிய உறை. வாயு போக இடமில்லாமல் உறை உப்புகிறது. சூடு ஏறினால் இந்தச் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். செல்லை 3.8, 3.85 வோல்ட்டில் வைத்தால் இதே வேலை மிக மெதுவாகிவிடுகிறது. ஏறக்குறைய பாதி சார்ஜ். சார்ஜர்களில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோட் இருப்பது இதற்காகத்தான்.

சரி, இப்போது பரணுக்கு வருவோம். எங்கள் ஊரில் கத்திரி வெயில் நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மேலே மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட். அதற்கு ஒன்றரை அடி கீழே பரண். வீட்டிலேயே அதிகச் சூடான இடம் அது, இரவு பத்து மணிக்குக்கூட கை வைத்துப் பார்த்தால் தெரியும். ஃபுல் சார்ஜ் போட்ட லைப்போவை இரண்டு மாதம் வைப்பதற்கு அதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது. பேக்குகளைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவர் ஓரமாக, தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். பக்கத்தில் துணி, பேப்பர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். சிலர் ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று கேட்பார்கள். குளிர்ச்சி செல்லுக்கு நல்லதுதான், ஆனால் வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் பேக்மேல் வியர்த்துப் படியும், கனெக்டருக்குள்ளும் போகும். சாப்பாட்டுப் பொருளோடு லைப்போவைச் சேர்த்து வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. நிழலான தரைத்தளம் போதும்.

பரணுக்கு அடுத்தபடி ஸ்கூட்டர் டிக்கி. சீட்டுக்குக் கீழே, இன்ஜினுக்கு நேர் மேலே, கறுப்பு பிளாஸ்டிக். காலையில் ஓட்டப் போகிறோம் என்று பேக்கை டிக்கியில் போட்டு, வெயிலில் நிறுத்தி, டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். பேக்கை முதுகுப் பையில் வைத்து உள்ளேயே எடுத்துப் போய்விடுங்கள்.

ஸ்டோரேஜுக்குக் கொண்டுவருவது எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சோம்பலால் எல்லோரும் விட்டுவிடும் இடம் இதுதான். ஐமேக்ஸ் பி6 மாதிரி சார்ஜர் இருந்தால் அதில் ஸ்டோரேஜ் மோடைத் தேர்ந்தெடுத்தால் அதுவே 3.85-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். கீழே இருந்தால் ஏற்றும், மேலே இருந்தால் இறக்கும். ஏற்றுவது சீக்கிரம் முடியும். இறக்குவதுதான் பொறுமையைச் சோதிக்கும். அந்தச் சார்ஜர் இறக்கும்போது செலவழிக்கக்கூடியது 5 வாட்தான். நிறைந்த 5000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) 2எஸ் பேக்கைப் பாதிக்குக் கொண்டுவர அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை வந்து ஓட்டம் நின்றுபோன நாளில் சார்ஜ் ஏற்றிய மூன்று பேக்குகள் கையில் இருந்தால், யாருக்கும் அவ்வளவு நேரம் உட்கார மனம் வராது. "அடுத்த வாரம் ஓட்டிக்கலாம்" என்று அப்படியே வைத்துவிடுவார்கள். அடுத்த வாரமும் மழை வரும்.

அதற்கு நான் பைக் ஹெட்லைட் பல்பை வைத்திருக்கிறேன். 12 வோல்ட், 35 வாட் ஹாலஜன். அதன் இரண்டு முனையிலும் வயர் வைத்து, பேக்கின் கனெக்டருக்குப் பொருத்தமான கனெக்டரைச் சால்டர் செய்திருக்கிறேன். 8 வோல்ட் அளவில் அது இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், அதே 5000 பேக் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பாதிக்கு வந்துவிடும். பல்பு தானாக நிற்காது என்பது ஞாபகம் இருக்கட்டும். அதற்காகத்தான் லைப்போ அலாரம் என்று விற்கும் அந்தச் சின்னப் பலகை. பேக்கின் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய வயர் வரும் சின்ன வெள்ளை பிளக்) செருகினால் முதலில் மொத்த வோல்டேஜையும், அப்புறம் ஒவ்வொரு செல்லையும் மாற்றி மாற்றிக் காட்டும். மேலே இருக்கும் பொத்தானை அமுக்கி அமுக்கி, எந்த வோல்டேஜில் கத்த வேண்டும் என்று வைக்கலாம். வழக்கமாகக் கிடைக்கும் அலாரத்தில் 3.8 வரை போகும். 3.8-ல் வைத்து, பல்பைத் தரை ஓட்டின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு வேலை பாருங்கள். ஏதாவது ஒரு செல் 3.8-ஐத் தொட்டதும் தெருவே கேட்கிற மாதிரி கத்தும். பல்பைக் கழற்றியதும் வோல்டேஜ் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். அப்புறம் அலாரத்தையும் கழற்றி எடுத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

நாளைக்கோ மறுநாளோ ஓட்டுவது உறுதி என்றால் ஃபுல் சார்ஜில் இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் ஆகாது. அதற்குமேல் தள்ளிப்போனால் இறக்கிவிட வேண்டும். ஓட்டுகிற நாளன்று காலையில் சார்ஜ் போடுவது எல்லாவற்றையும்விட நல்ல பழக்கம்.

அலாரம் காட்டும் எண்ணை நம்பி நீண்ட காலம் ஓட்டலாம், ஆனாலும் எப்போதாவது மல்டிமீட்டரில் நேரடியாகப் பார்த்துவிடுங்கள். 2எஸ் பேக்கின் வெள்ளை பேலன்ஸ் பிளக்கில் மூன்று ஓட்டைகள், ஒன்றுக்கொன்று இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரின் ஓட்டையிலும் சிவப்பு முனையை நடு ஓட்டையிலும் தொட்டால் முதல் செல். அப்புறம் கறுப்பு முனையை நடு ஓட்டைக்கும் சிவப்பு முனையைச் சிவப்பு வயருக்கும் மாற்றினால் இரண்டாவது செல். இரண்டு முனையும் ஒன்றையொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய வயர் வழியாகச் செல் ஷார்ட் ஆனால் வயர் கண்முன்னே சிவந்து உருகும். 3.84, 3.85 என்று வந்தால் ஆரோக்கியமான பேக். 3.84, 3.79 என்றால் ஒரு செல் பின்தங்க ஆரம்பித்திருக்கிறது, அடுத்த சில சார்ஜ்களிலும் செல்களைச் சமன்செய்யும் பேலன்ஸ் மோடில் போட்டுக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை சமன்செய்த பிறகும், சும்மா வைத்திருந்தாலே அதே செல் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அந்தச் செல்லுக்கு உள்ளே கசிவு இருக்கிறது. அந்தப் பேக்கை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மேலே சொன்னது ஃபுல் சார்ஜால் வரும் கேடு. காலியாக விடுவது இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். செல் எந்த நிலையிலும் 3.0 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஈஎஸ்சியில் (பேக்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வோல்டேஜ் இறங்கினால் நிறுத்தும் கட்-ஆஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, அது லைப்போ மோடில் இருக்கிறதா என்று. ஹாபிவிங்கின் குயிக்ரன் 1060 மாதிரி ஈஎஸ்சியில் இடம் மாற்றிச் செருகும் சின்ன ஜம்பர் ஒன்று இருக்கும். லைப்போ, நிக்கல் என்று இரண்டு இடம். நிக்கலில் இருந்தால் அது லைப்போவை வெகு கீழே வரை இழுத்துவிட்டுத்தான் நிற்கும். கைமாறி வந்த வண்டி என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஜம்பரைத்தான். இரண்டாவது, பெரும்பாலான கார் ஈஎஸ்சிகளுக்கு பேலன்ஸ் வயர் போவதில்லை. அவை மொத்த வோல்டேஜைத்தான் பார்க்கின்றன. மொத்தம் 6.4 என்று அதற்குத் தெரியும், உள்ளே ஒரு செல் 3.4-லும் இன்னொன்று 3.0-லும் இருப்பது தெரியாது. அதனால் கட்-ஆஃபைக் கடைசிக் காவலாக மட்டும் வையுங்கள். வண்டியின் இழுப்பு குறைவது கையில் தெரியும், அப்போதே நிறுத்திவிடுங்கள்.

நான் பார்க்கும் கணக்கு இது: ஓட்டி முடித்து, பேக் ஆறியபிறகு ஒரு செல் 3.75-க்குப் பக்கத்தில் நின்றால் நல்ல ஓட்டம். அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். திரும்பச் சார்ஜ் போடும்போது சார்ஜர் எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று காட்டும். 5000 பேக்குக்கு 4000-க்கு மேல் போனால் அடுத்த முறை இரண்டு நிமிடம் முன்னதாக நிறுத்துங்கள். ஒரு சில தடவை இப்படிப் பார்த்துவிட்டால், உங்கள் வண்டிக்கும் நீங்கள் ஓட்டும் தரைக்கும் எத்தனை நிமிடம் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும், போனில் டைமர் வைத்துவிடலாம்.

இன்னொன்று. ஓட்டி முடித்ததும் ஈஎஸ்சி ஸ்விட்சை அணைத்தால் போதாது, பேக்கின் கனெக்டரையே கழற்ற வேண்டும். அந்த ஸ்விட்ச் ரிசீவருக்கும் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் போகும் மின்சாரத்தைத்தான் நிறுத்துகிறது. பேக்கின் தடித்த வயர்கள் ஈஎஸ்சியோடு இணைந்தேதான் இருக்கின்றன. அந்தச் சின்னக் கசிவு ஓரிரு நாளில் தெரியாது. காலியான பேக் வண்டியிலேயே மூன்று வாரம் கிடந்தால் செல் தரைதட்டிவிடும்.

சார்ஜ் போடுவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 1சி என்பார்கள்: 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர், 1500 என்றால் ஒன்றரை. பேக்கில் 5சி வரை சார்ஜ் செய்யலாம் என்று அச்சிட்டிருந்தாலும் நான் 1சியைத் தாண்டுவதில்லை, நம் ஊர்ச் சூட்டுக்கு அது போதும். 50 வாட் சார்ஜரில் 2எஸ் பேக்குக்கு 5 ஆம்பியர் முழுதாகக் கிடைக்கும். 3எஸ் என்றால் கடைசியில் 12.6 வோல்ட், அப்போது 4 ஆம்பியருக்குமேல் வராது. சார்ஜர் பழுது என்று நினைக்க வேண்டாம். லைப்போ என்று தேர்ந்தெடுத்திருக்கிறோமா, செல் எண்ணிக்கை சரியா, பேலன்ஸ் பிளக் செருகியிருக்கிறதா, இந்த மூன்றையும் ஸ்டார்ட் அமுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். கைக்கு வெதுவெதுப்பே தெரியாத அளவுக்கு ஆறட்டும். மெத்தைமேல், சோபாமேல் வைத்துப் போடாதீர்கள். தரை ஓடு, பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல், கண்பார்வையில் நீங்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தப்பித்தவறிப் புகை வந்துவிட்டால் மணலைக் கொட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு மிகக் கெடுதல்.

ஓட்டும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஓட்டுவது பாலாற்று மணலில். தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு (கரடுமுரடான தரையில் ஓட்டும் ஆர்சி வண்டி) அந்த மணல்போல ஒரு தரை அமையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நாள் முழுக்க நிற்கலாம். அந்த அழகுக்கான விலையைப் பேக்தான் கொடுக்கிறது. சிமென்ட் தரையில் இழுப்பதைவிட மணலில் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். உயரமான புல்லும் அப்படித்தான். மணலில் ஓட்டும் நாளில் மோட்டார் பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஒன்றிரண்டு பல் சின்னதாக மாற்றிவிடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார், ஈஎஸ்சி, பேக் மூன்றும் குளிர்ச்சியாக இருக்கும். பேக் 60 டிகிரியைத் தொடக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கும். அவற்றில் சிலவற்றில் உடல், பொருள் என்று இரண்டு மோட் இருக்கும், பொருள் மோடில் வைத்தால் பேக்கைப் பார்க்கலாம். அது இல்லையென்றால் கை போதும். பேக்மேல் உள்ளங்கையை வைத்து நிம்மதியாகப் பிடித்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பேக்குக்கு ஓட்டம் முடிந்தது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்குகளை இன்றைக்கு யாரும் மதிப்பதில்லை, அது எனக்கு வருத்தம். ஆறு செல், 7.2 வோல்ட், டாமியா கனெக்டர். மின்சார ஆர்சி கார் நெடுங்காலம் வளர்ந்ததே இந்த 7.2 வோல்ட்டில்தான். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கித் தருகிறவர்கள் இந்தப் பேக்கோடு வருவதையே வாங்குங்கள். கீழே போட்டாலும், மறந்துபோய் ஃபுல் சார்ஜில் வைத்தாலும் உப்பாது, தீப்பிடிக்கும் பயமும் மிகக் குறைவு. ஆனால் சார்ஜ் போடும் முறை வேறு. லைப்போவில் வோல்டேஜ் ஏறி 4.2-ல் நிற்கும். இதில் நிறைந்ததும் வோல்டேஜ் துளியளவு இறங்கும், ஒரு செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான். சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. மிகக் குறைந்த கரண்டில் போட்டால் அந்த இறக்கம் சரியாகத் தெரியாமல் சார்ஜர் தாண்டிப் போய்விடும். 3000 எம்ஏஎச் பேக்குக்கு இரண்டு, மூன்று ஆம்பியர் கொடுங்கள். வண்டியோடு வரும் சுவர் சார்ஜரில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது, அதில் நேரம் பார்த்து நாமேதான் கழற்ற வேண்டும். நிறைந்ததும் பேக் வெதுவெதுப்பாகும், அது இயல்பு. சும்மா வைத்தால் தானாகவே சார்ஜ் இறங்கிவிடும் என்பதால் ஓட்டுவதற்கு முன் மறுபடி போடுங்கள்.

புதுப் பேக் வாங்கும்போது எவ்வளவு கரண்ட் தரும் என்று சொல்ல ஒட்டியிருக்கும் 50சி, 100சி என்ற எண்ணை நான் பார்ப்பதில்லை. அதை யாரும் சோதித்துப் போடுவதில்லை என்பது என் கருத்து. செல்லின் உள் தடையைப் பாருங்கள், கொஞ்சம் நல்ல சார்ஜர் எல்லாமே மில்லிஓம் கணக்கில் காட்டும். வாங்கிய அன்றே ஒவ்வொரு செல்லுக்கும் அளந்து, மாதமும் வருடமும் சேர்த்துப் பேக்மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஆரம்பத்தில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டால் அது ஓய்வுபெறும் வயது. அளக்கும்போது பேக்கின் சூடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் அளந்தால் தடை குறைவாகக் காட்டும், டிசம்பர் காலையில் கூடுதலாகக் காட்டும். இதைக் கவனிக்காமல், குளிர்காலத்தில் நல்ல பேக்கைப் போய்விட்டதென்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. காருக்கு வாங்கினால் கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டதாகவே வாங்குங்கள், கல் தெறித்து அடிக்கும் இடம் அது. கனெக்டர் மாற்றும்போது ஒரு வயரை வெட்டிச் சால்டர் செய்து உறை போட்டு முடித்த பிறகே இன்னொரு வயரைத் தொடுங்கள். கட்டர் இரண்டையும் ஒருசேரக் கடித்தால் அங்கேயே ஷார்ட்.

விமானத்தில் போகிறவர்கள் கேட்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 5 ஆம்பியர் மணியை 7.4 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் மணி. 100 வாட் மணி வரை கைப்பையில் எடுத்துப் போகலாம், கனெக்டரை டேப் சுற்றி மூடியிருக்க வேண்டும். தனி பேட்டரியை செக்-இன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. போகும் முன் ஸ்டோரேஜுக்கு இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

உப்பிப்போன பேக்குக்கு வருவோம். கெட்டி உறை போட்ட பேக் உப்பியிருப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சமமான மேஜையில் வைத்து ஒரு மூலையை அமுக்கிப் பாருங்கள், ஆடினால் உள்ளே உப்பியிருக்கிறது. வண்டியின் தட்டில் முன்பு இலகுவாக உட்கார்ந்தது இப்போது இறுகினாலும் அதே அர்த்தம்தான். ஊசியால் குத்திக் காற்றை விடலாம், பலகை வைத்து அழுத்திக் கட்டலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே தகடுகளுக்கு நடுவில் இருப்பது மயிரிழையைவிட மெல்லிய படலம், ஊசி அதைத் துளைத்தால் உங்கள் கையிலேயே பற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட பேக்கை வெளியே, மண்சட்டியில் வைத்து, மேலே சொன்ன பல்பை மாட்டி, இந்த முறை அலாரம் இல்லாமல் விளக்கு முழுக்க அணையும் வரை விட்டுவிடுங்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். பூஜ்யத்துக்கு வந்ததை மீட்டரில் உறுதிசெய்துவிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் சேருங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் காலியாகும் என்பார்கள். பல நேரம் முனைத் தகடுகள் அரித்துத் துண்டாகிவிடும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும், அளக்கவும் வழி இருக்காது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்கும் பொறுப்பை வாங்குகிறவர்மேலும் வைத்திருக்கின்றன. விதி இருக்கட்டும், தெருவில் வரும் குப்பை வண்டியில் கையுறைகூடச் சரியாக இல்லாமல் பிரித்தெடுக்கிற ஒருவர் இருக்கிறார். சார்ஜ் உள்ள லைப்போ அவர் கையில் நசுங்கக் கூடாது.

கடைசியாக, செத்த பேக்கை எழுப்பும் வீடியோக்கள். ஒரு செல் 1 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால் நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். உடனே நிக்கல் மோடில் போட்டுக் கொஞ்சம் ஏற்றி, பிறகு லைப்போ மோடுக்கு மாற்று என்று காட்டுகிறார்கள். வோல்டேஜ் திரும்ப வருவதும் உண்மை, வண்டி ஓடுவதும் உண்மை. ஆனால் அவ்வளவு கீழே போன செல்லில் நெகட்டிவ் பக்கத்துச் செப்புத் தகடு எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும், படலத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்தைத் தொடும் அளவுக்கு வளரவும் செய்யும். தொட்டால் செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அது இன்றைக்கு ஓட்டும்போது நடக்குமா, அடுத்த மாதம் ஷெல்ஃபில் இருக்கும்போது நடக்குமா என்று வெளியிலிருந்து எந்த மீட்டரும் சொல்லாது. சார்ஜர் மறுத்த பேக்கை யார் கொண்டுவந்தாலும் நான் எழுப்பித் தருவதில்லை. புதுப் பேக்குக்குக் காசு சேரும்வரை என்னுடையதில் ஒன்றை எடுத்துப் போகச் சொல்கிறேன், ஸ்டோரேஜில் இறக்கித் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான்.